குண்டு படாத எக்காளம்

அத்தா,

இன்று காலை பொருட்காட்சிக் குழுவிலிருந்து ஒருவர் வந்து உங்கள் எக்காளத்தைக் கேட்டார். கையில் ஓர் அட்டை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டியில் எக்காளத்துக்கு அடியில் வைக்கப்போகும் வாசகமாம். என்னைக் கேட்பதற்கு முன்பே அழகாக எழுதி முடித்துவிட்டார்கள். 'எதிரியின் குண்டு பாய்ந்த பிறகும் ஓயாமல் முழங்கியது' என்று அதில் இருந்தது.

தர முடியாது என்றேன்.

"ஏம்மா? பத்திரமாத் திருப்பிக் குடுத்துருவோம்."

"இதுல குண்டு படல."

அவர் சிரித்தார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? உங்கத்தா பேசுனத நானே நேர்ல கேட்டிருக்கேன். பசுமலை மைதானத்துல."

"நானும் அங்கதான் நின்னேன்" என்றேன்.

அவர் எழுந்தார். வைத்த டீயைக் குடிக்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு எக்காளத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன். பித்தளையும் புளியும் கலந்த அந்த வாடை விரலைவிட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதும் வீசுகிறது. கொடி மாறிவிட்டது. அன்றைக்கு உங்களுக்கு மேடை போட்ட வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அந்தக் குண்டு மட்டும் இந்த ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. மவுத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, அத்தா. உங்களிடம் பேசுகிறேன். உங்களிடம் சண்டை போட எனக்கு உரிமை உண்டு.

தெற்கு வாசல் சந்தில் உங்கள் டிரங்குப் பெட்டிக் கடை. காலையில் சுத்தியல் சத்தத்தில்தான் தெரு கண் விழிக்கும். எந்தக் கோணல் தகரமும் உங்கள் கைக்கு வந்தால் நேராகிவிடும். அடிபட்டு நசுங்கிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள், திரும்ப வாங்கிப் போகும்போது இது எங்கள் பெட்டிதானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தக் கடைச் சுவரில், ஆணியில், முதல் உலக யுத்தம் முடிந்து இராக்கின் பஸ்ராவிலிருந்து நீங்கள் கொண்டுவந்த பட்டாளத்து எக்காளம் தொங்கியது. தெருவில் எல்லாரும் அதைப் 'பிகிலு' என்பார்கள். உங்களை 'பிகிலு பாய்' என்பார்கள். அதன் விரிந்த வாய்ப்பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம். ஊரிலுள்ள தகரத்தையெல்லாம் தட்டி நிமிர்த்தியவர், அந்த ஒரு பள்ளத்தில் சுத்தியல் வைக்கவில்லை.

ஏன் என்று அம்மா மவுத்தான வாரம்தான் தெரிந்துகொண்டேன். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மத்தியான நேரம். தம்பி காசிம் தூங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் கேட்கவே இல்லை, நீங்களாகத்தான் ஆரம்பித்தீர்கள்.

"உங்கம்மாவத் தூக்கிட்டுப் போகத் தெருவே வந்துச்சு பாத்துமா. செல்லையாவத் தூக்க நாங்க ரெண்டே பேரு."

செல்லையா திருமங்கலத்துப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர். தன் கழுதைக்கு மாமியார் பேரை வைத்துக் கூப்பிடுவார் என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. பஸ்ராவுக்கு மேலே ஆற்றங்கரைக் கூடாரங்களில் பேதி வந்ததைச் சொன்னீர்கள். ஆற்றிலேதான் பிணம் மிதந்தது, அந்த ஆற்றிலேதான் குடிக்கத் தண்ணீர் மொண்டோம் என்றீர்கள். எரிக்க விறகில்லாத நாடு. எந்தச் சாதி, எந்த மதமானாலும் மணலில்தான் புதைத்தார்கள். ஒவ்வொரு சிப்பாயைப் புதைக்கும்போதும் நீங்கள் எக்காளம் ஊத வேண்டும். அதுதான் உங்கள் வேலை. சாவு கூடிக்கொண்டே போனது. உங்கள் சத்தமும் நாளெல்லாம் கேட்டது. அப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உங்கள் சுபேதார் வந்து சொன்னாராம்.

"இனிமே சாவுக்கு ஊத வேணாம். படுத்துக் கிடக்கறவனுக்கெல்லாம் பயம் வருது."

உத்தரவு வந்த மறுநாள் செல்லையா செத்துப்போனார். நீங்கள் எக்காளத்தை எடுத்துக்கொண்டு குழியருகே போனீர்கள். கூடாது என்றார்கள். ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினீர்கள். கூடாது என்றார்கள். நீங்கள் திரும்பி, அங்கே நின்ற வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அந்த எக்காளத்தை ஓங்கி அடித்தீர்கள். சர்க்கார் சொத்தை உடைத்ததற்காக மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்தார்கள். நசுங்கியதைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறொன்றைக் கையில் கொடுத்தார்கள். நீங்கள் குப்பையிலிருந்து அதைப் பொறுக்கி, கம்பளிக்குள் சுருட்டி, ஊர்வரைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள்.

"அவனுக்கு ஊத முடியல. அதான் இதையும் நிமிர்த்தல" என்றீர்கள்.

அத்தா, அன்றைக்கு நான் உங்களை நினைத்துப் பெருமைப்பட்டதுபோல் பிறகு யாரையும் நினைத்துப் பெருமைப்பட்டதில்லை. ஒரு பெரிய பட்டாளத்துக்கு நடுவில் என் அத்தா கோபப்பட்டிருக்கிறார். அது எனக்குப் போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த பிறகு யாராவது வீண் அதிகாரம் செய்தால் அந்த வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன்.

பிறகு அடுத்த யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் கடைக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். செய்து வைத்திருந்த பெட்டி ஒன்றின் மேலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். எக்காளத்தை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாய் இது, இம்புட்டுப் பெரிய பள்ளம்?"

நீங்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தீர்கள்.

"குண்டா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ம்" என்றீர்கள்.

அவ்வளவுதான். நாக்கைக்கூட அசைக்க வேண்டியதில்லை, அத்தா. உதட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். அந்த ஒரு 'ம்' பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற லாரியில் ஏறித் திருமங்கலம் போனது, உசிலம்பட்டி போனது, மேலூர்ச் சந்தைக்குப் போனது. போகிற ஊரிலெல்லாம் கதையும் வளர்ந்தது. ஓர் ஊரில் குண்டு எக்காளத்தில் பட்டு உங்கள் நெஞ்சைக் காப்பாற்றியது. இன்னோர் ஊரில் நீங்கள் ரத்தம் வழிய ஊதி ஒரு கோட்டையையே பிடித்துக் கொடுத்தீர்கள். காசிம் சந்தையில் கேட்டுவிட்டு வந்து கண் விரியச் சொல்வான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சோறு போடுவேன்.

பசுமலை மைதானத்துக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லி எங்கள் பள்ளிக்கும் உத்தரவு வந்தது. வரிசையாக நிறுத்திக்கொண்டு நானும் நின்றேன். மேடையில் வரிசையாக நாற்காலிகள். பெரிய அதிகாரிகளுக்கு நடுவில் காக்கிக் கோட்டு போட்டுக்கொண்டு நீங்கள். அந்தக் கோட்டு அவர்கள் கொடுத்தது. தோளில் தொளதொளவென்று தொங்கியது. குண்டு பாய்ந்த எக்காளத்துக்குச் சொந்தக்காரர் என்று சொல்லி உங்களைப் பேச அழைத்தார்கள். நீங்கள் எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றீர்கள்.

"நான் பஸ்ராவுல இருந்தவன். நல்ல சாப்பாடு, நல்ல துணிமணி. பட்டாளத்துல சாதி பாக்க மாட்டாங்க. ஒருத்தன் செத்தாலும் ராஜ மரியாத. பிகிலு ஊதித்தான் மண்ணுக்குள்ள வைப்பாங்க."

சோற்றைப் பற்றிப் பொய் சொன்னீர்கள், சரி. குண்டு என்றபோது மறுக்கவில்லை, அதையும் விடுங்கள். ஊதித்தான் மண்ணுக்குள் வைப்பார்கள் என்று எப்படி உங்களால் சொல்ல முடிந்தது? உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது. கையில் எதை வைத்துக்கொண்டு அதைச் சொன்னீர்கள் என்று குனிந்து பார்த்திருந்தால்கூடப் போதும். நீங்கள் குனியவில்லை. எக்காளத்தை வாயில் வைத்து, படை கிளம்புவதற்கு ஊதுகிற ஊதலை ஊதினீர்கள். பள்ளம் விழுந்ததால் கரகரத்த சத்தம்தான் வந்தது. அதற்கே மைதானம் கை தட்டியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏன் அத்தா?"

"அவங்களாச் சொன்னாங்க. நான் இல்லேன்னு சொல்லல. அம்புட்டுத்தான்."

"இல்லேன்னு சொன்னா என்ன?"

நீங்கள் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னீர்கள். "இத்தன வருசமா இந்தத் தெருவுல நான் யாரு? தகரம் தட்டுறவன். கலெக்டர் ஆபீசு வாசல்ல போயி நின்னா பியூன் வெரட்டுவான். இன்னைக்கு அதே கலெக்டரு பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வைக்கிறாங்க. உனக்கு அது பெருமையா இல்லையா?"

இல்லை என்றேன். வண்டிச் சக்கரத்தில் ஓங்கி அடித்த கைதான் எனக்குப் பெருமை என்றேன். நீங்கள் அந்த யுத்தத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பள்ளம். ஒரு நாற்காலிக்காக அதையே குண்டு என்று மாற்றிச் சொல்கிறீர்கள் என்றேன். நீங்கள் தொழப் போய்விட்டீர்கள்.

இந்த இடம்வரைக்கும்கூட நான் மன்னித்திருப்பேன். மனிதனுக்கு மரியாதை வேண்டும்தான். அது கிடைக்காதவனுக்கு இன்னும் வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

காசிம் ஒரு நாள் கடையிலிருந்து ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. "அத்தா, நானும் பட்டாளத்துல சேரப் போறேன். லாரில நாளைக்கு ஏத்துறாங்களாம். பேரு குடுத்துட்டு வாரேன்."

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எழுந்து, எச்சில் கையோடு அவன் கன்னத்தில் அறைந்தீர்கள். எங்கள் இருவரையும் அதற்கு முன் நீங்கள் அடித்ததே இல்லை.

"நீங்கதானத்தா மேடையில சொன்னீங்க" என்றான் அவன். அழக்கூட இல்லை, புரியாமல் கேட்டான்.

"அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. நீ போகக் கூடாது. போனா என் மய்யித்தத்தான் பாப்ப."

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "மேலூர்ப் பயலுகளுக்கு அது தெரிய வேணாமாத்தா?" என்றேன்.

என் கேள்வி உங்கள் காதில் விழுந்தது. பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டீர்கள். இனி அந்த லாரியில் ஏற மாட்டீர்கள் என்று நம்பினேன். அந்த வாரமே லாரி வந்து சந்து முனையில் ஆரன் அடித்தது. நீங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு, எக்காளத்தை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய் ஏறினீர்கள். காசிம் பட்டறையில் உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருந்தான். அவன் இன்றும் தட்டுகிறான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவன் உயிரோடிருப்பது எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தைக்கூடத் தலை நிமிர்ந்து அனுபவிக்க முடியாமல் செய்துவிட்டீர்கள்.

கருப்பாயி அக்கா வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளி விடுமுறை, நான் கடையில் இருந்தேன். மேலூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. நிலத்தில் கூலி வேலை செய்கிற பெண். விசாரித்து விசாரித்துச் சந்துக்குள் வந்துவிட்டாள். கடை வாசலுக்கு வெளியே, தெருவில், வெயிலில் நின்றாள். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டும் வரவில்லை. அவள் மகன் மாயாண்டி பர்மாப் பக்கம் போய்ச் செத்துவிட்டான் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். எங்கே, எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை.

அவள் அழுது தீர்த்துவிட்டு வந்திருந்தாள் போல. குரல் வறண்டிருந்தது.

"சாயபு அய்யா, சந்தையில நீங்க பேசுனத எம்மகன் கேட்டுட்டு வந்தான். ஊருல எவுக செத்தாலும் எங்க வீட்டு ஆம்பளதான் போயி கொட்டடிக்கணும். எம்மகனும் சின்ன வயசுலருந்து அடிச்சவன். எங்க சாவுக்கு ஊர்த்தெருவுல வழி கெடையாது. வரப்புல, சேத்துல தூக்கிட்டுப் போகணும். அன்னைக்கு வந்து சொன்னான், ஆத்தா, பட்டாளத்துல செத்தா நமக்கும் ஊதுவாகளாம்னு. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போனான்."

நீங்கள் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். எம்மகனுக்கு ஊதிருப்பாகளா அய்யா?"

சுவரில் எக்காளம் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். நீங்கள் பார்க்கவில்லை.

"ஊதிருப்பாங்கம்மா" என்றீர்கள். "கண்டிப்பா ஊதிருப்பாங்க."

அவள் இரண்டு கையையும் தூக்கி உங்களைக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள், "இங்கன ஒருக்கா ஊதிக் காட்டுவீகளா? எப்படி இருக்கும்னு கேட்டுக்கிட்டுப் போறேன்."

"மூச்சு இல்லம்மா" என்றீர்கள். "நெஞ்சு வலி."

நேற்றுவரை மைதானம் மைதானமாக ஊதியவருக்கு அன்றைக்கு மூச்சில்லை. பரவாயில்ல சாமி என்று சொல்லிவிட்டு அவள் போனாள். நான் பின்னாலேயே ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். கையைக் குவித்துக் குடிக்கக் குனிந்தாள். சொம்பையே கையில் கொடுத்தேன். தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள். ஊர் பேர் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் லாரியில் ஏறவில்லை. அதற்காக உங்களை நான் மெச்ச வேண்டுமா? மேடையில் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "சொன்னா புடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்றீர்கள். அப்படியானால் அந்தப் பெண்ணிடமாவது போய்ச் சொல்லுங்கள் என்றேன். "அவ மனசு ஆறிப் போயிருக்கா. அதக் கெடுக்கவா?" என்றீர்கள். அவள் மனது ஆறியதோ என்னவோ, அந்தப் பொய்க்குள் நீங்கள்தான் சௌகரியமாகப் படுத்துக்கொண்டீர்கள். யுத்தம் முடிந்தது. லாரி நின்றது. காக்கிக் கோட்டு பெட்டிக்குள் போனது. கலெக்டர் ஆபீசு பியூனுக்கு மறுபடியும் உங்களை அடையாளம் தெரியாமல் போனது. ஒரு நாள் காலையில் பட்டறையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். தெருவே வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

உங்கள் நாற்பதாம் நாள் கழிந்ததும் நான் மேலூர் பஸ்ஸில் ஏறினேன். அறுவடைக் காலம். கருப்பாயி அக்கா களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேம்புக்கடியில் உட்கார்ந்தோம். நான் எதையும் மறைக்கவில்லை. குண்டு படவில்லை என்றேன். சாவுக்கு ஊதக் கூடாது என்று உத்தரவு போட்டதைச் சொன்னேன். செல்லையாவைச் சொன்னேன், வண்டிச் சக்கரத்தைச் சொன்னேன், அந்த 'ம்'மையும் சொன்னேன். காசிமை நீங்கள் அறைந்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

 அவள் கையில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"உங்கத்தா, அவரு கூட்டாளிக்காகவா அதப் போட்டு ஒடச்சாரு?"

"ஆமாக்கா."

"வெயில்ல நிக்க வச்சாகளாக்கும்."

"ஆமா."

"இதச் சந்தையில சொல்லிருக்கலாம்ல அந்த மனுசன். இதச் சொல்லிருந்தா எம்மகன் போயிருக்க மாட்டான். நானும் அவரக் காலத்துக்கும் கும்பிட்டிருப்பேன்."

களத்தில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வாரேன் என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"ஊதிருக்க மாட்டாக. சரி, அத விடு தாயி. எம்மகன மண்ணுல போடறப்ப, உங்கத்தா மாதிரி அங்க எவனாச்சும் ஒருத்தன், கோவப்பட்டு எதையாச்சும் போட்டு ஒடச்சிருப்பானா?"

அத்தா, உங்களைப்போல 'ம்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உதட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. நான் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்தக் கேள்விதான் என்னோடு இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வரும். உங்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் அல்லாவிடம் கேட்கவும் இல்லை. தொழுது முடித்துக் கையேந்தும்போது முதலில் மாயாண்டியின் பேரைச் சொல்கிறேன், அடுத்து செல்லையாவின் பேரை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் வேற்று மதத்தவருக்காக அப்படிக் கேட்கக் கூடாது என்பார், அதனால் அவரிடம் கேட்பதில்லை. பிறகு அம்மாவின் பேர். உங்கள் பேர் வரும்போது கொஞ்சம் நிறுத்துகிறேன். ஏந்திய கை அப்படியே நிற்கும். பிறகு சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்
பாத்துமா